பட்டர் பேப்பருக்குப் பின்னால் இருந்த முகங்கள்: ஒரு நன்றி மடல்

வணக்கம்.

பழைய நூல்களின் உருவப்படங்களை ஸ்கேன் செய்து சீராக்கும் வேலையில் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். அவரவர் செய்த உதவியை விவரமாகவே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கும் அது பயன்பட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நூலகப் பணியாளர்களுக்குத்தான் பெரிய கடன். 19ஆம் நூற்றாண்டு நூல்களில் உலோகத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி அச்சிட்ட முகப்புப் படத்தின் மேல் மெல்லிய பட்டர் பேப்பர் ஒட்டியிருக்கும். அந்த அச்சில் மை தடிப்பாக ஏறும். அது எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமல் இருக்கவே அந்தத் தாள். அதைப் புரட்டாமல் ஸ்கேன் செய்தால் முகம் பனிமூட்டத்துக்குள் நிற்கும். அதோடு போகாது. மையிலுள்ள எண்ணெய் பல ஆண்டுகளில் அந்தத் தாளிலேயே முகத்தைப் பழுப்பாகப் பதித்துவிடும். தாள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், ஒரு முகத்தில் நான்கு கண்கள். பார்த்தவர்கள் பேய்ப்படம் என்று பயப்படுவது பெரும்பாலும் இதைத்தான். நொறுங்கும் தாளை விரலால் இழுக்காமல், மழுங்கிய தகட்டால் நுனியை எழுப்பி, தாளோடு ஒன்றும் தாளில்லாமல் ஒன்றுமாக இரண்டு படம் எடுத்துத் தந்தீர்கள். எது மை, எது கறை என்று பிரித்தறிய அந்த இரண்டும் வேண்டியிருந்தது.

ஸ்கேனர் முன் உட்கார்ந்தவர்களே, பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்தீர்களே, அதற்கு நன்றி. வெள்ளைத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து கன்னத்தில் தழும்பாகத் தெரியும். தையல் ஓரம் கண்ணாடியைத் தொடாத நூல்களுக்கு சிசிடி வகை ஸ்கேனரைத் தேர்ந்ததும் சரியான முடிவு. லென்ஸ் வழியாகப் பார்க்கும் அது சற்று விலகிய தாளையும் தெளிவாக எடுக்கும். கண்ணாடியை ஒட்டியே உணரி நகரும் சிஐஎஸ் வகையில் தாள் சற்றே தூக்கினாலும் அந்தப் பக்கத்துக் காதும் கண்ணும் மங்கிப்போகும்.

பிளாக், அதாவது படம் அச்சிடும் தகடு, செய்யும் தொழிலில் இருந்த பெரியவர்கள் பூதக்கண்ணாடியும் அடிக்கோலும் வைத்துப் புள்ளி எண்ணக் கற்றுத் தந்தார்கள். ஹாஃப்டோன், அதாவது சிறிதும் பெரிதுமான புள்ளிகளால் அச்சான படத்தில் புள்ளி வரிசை சாதாரணமாக 45 பாகையில் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்விலேயே ஓர் அங்குலத்துக்கு எண்ண வேண்டும். செய்தித்தாள் காகிதத்தில் 65 முதல் 85 வரை, ஆர்ட் பேப்பரில் 120 முதல் 150 வரை வரும். இந்தப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதினால் முகத்தில் அலையலையாக வலைக்கோலம் விழும். அங்குலத்துக்கு 120 புள்ளி உள்ள படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) எடுத்தால் ஒரு புள்ளிக்கு 5 பிக்சல். அதில் இரண்டு, இரண்டரை பிக்சல் அளவுக்கு காஸியன் மங்கல் (படத்தைச் சீராக மங்கலாக்கும் மென்பொருள் வசதி) கொடுத்து, பிறகு பாதியாகச் சுருக்கினால் கோலம் அடங்கிவிடும். சுருக்கிவிட்டு மங்கலாக்கினால் பயனில்லை. அதற்குள் அலை படத்தில் உறைந்திருக்கும்.

மென்பொருள் தெரிந்த நண்பர்கள் அவிழ்த்த முடிச்சுதான் எங்களை நெடுநாள் குழப்பியது. கோப்பின் அளவைக் குறைக்கச் சில பிடிஎஃப்கள் பக்கத்தை இரண்டு அடுக்காகப் பிரிக்கின்றன: எழுத்துக்குக் கூர்மையான அடுக்கு, பின்னணிக்கு மங்கிய அடுக்கு. முகத்தைப் பார்த்ததும் அந்த நிரல் புருவத்தையும் மீசையையும் எழுத்தென்று எடுத்துக்கொள்கிறது. கன்னம் பின்னணிக்குப் போய்க் கரைகிறது. மிஞ்சுவது முகமூடி. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் நூல்களில் பிடிஎஃபை விட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் மூல ஜேபி2 படக் கோப்பை எடுக்கச் சொன்னீர்கள். பல முகங்கள் அங்கே முழுசாக இருந்தன. பக்க வளைவை நிமிர்த்தும் வசதி எழுத்து வரிகளைக் கொண்டு கணக்கிடுவதால், வரியில்லாத படப் பக்கத்தில் தாடையைக் கோணலாக்கும். அதை அணைத்து வைக்கவும், ஸ்கேன் பக்கங்களைச் சீராக்கும் ஸ்கேன் டெய்லர் மென்பொருளில் எழுத்தையும் படத்தையும் தனித்தனியாகக் கையாளும் கலப்பு முறையை எடுத்துப் படப் பகுதியைக் கையாலேயே வரையவும் சொன்னதும் நீங்கள்தான்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தைத் தெளிவாக்கலாம் என்ற யோசனையைத் தடுத்தவர்களுக்குத் தனி நன்றி. அது இல்லாத இமையைத் தானே வரைந்து வைக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அவர் முகமாக இருக்காது.

கடைசியாக, வீட்டு அலமாரியிலிருந்து இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து காட்டியவர்களுக்கு. நெற்றியிலுள்ள கோடு இரண்டு பிரதியிலும் இருந்தால் அது தகட்டிலேயே உள்ளது. ஒன்றில் மட்டும் இருந்தால் கறை. உங்கள் பிரதி வந்த பிறகே பல கோடுகளைத் துணிந்து அழிக்க முடிந்தது, சிலவற்றை அப்படியே விட்டுவைக்கவும் முடிந்தது.

நன்றியுடன்,
படச் சீரமைப்புக் குழுவினர்