கிரிவலப் பாதையின் இடது ஓரத்தைச் செப்பனிடக் கோரி: மூன்றாம் மனு

அனுப்புநர்: கிரிவலப் பாதை சுற்றுவட்டாரப் பொதுமக்கள், திருவண்ணாமலை.
பெறுநர்: உயர்திரு பாதைப் பராமரிப்புப் பொறுப்பு அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் முன்பு இரண்டு மனுக்கள் கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. சித்ரா பௌர்ணமி நெருங்குவதால் பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. தாங்கள் அறிந்ததே: 14 கிலோமீட்டரையும் பக்தர்கள் வெறுங்காலில்தான் நடக்கிறார்கள். மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்களும் தேவர்களும் வலம் வருவதாக ஐதீகம். அதனால் கூட்டம் இடது ஓரமாகவே போகும். கெட்டுக் கிடப்பதும் அந்த ஓரம்தான்.

2. நிருதி லிங்கம் தாண்டி ஆதி அண்ணாமலை வரை பாருங்கள். பேவர் பிளாக்கை மணல்மேல்தான் பாவுகிறார்கள். ஓரக்கல் வைத்துக் கான்கிரீட்டால் இறுக்காவிட்டால் மழையில் அடிமணல் அரித்துப்போகும். ஒரு கல் அமுங்கும், பக்கத்துக் கல் அரை அங்குலம் தூக்கி நிற்கும். செருப்புக் காலுக்கு அது ஒன்றுமில்லை. வெறுங்காலில் இடித்தால் கட்டைவிரல் நகமே பெயரும். குழாய்க்குத் தோண்டிய இடங்களில் ஜல்லியைக் கொட்டி, ரோலர் ஓட்டாமல் விட்டிருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் அதை ஓரத்துக்கே தள்ளுகிறது. அடிமேல் அடி வைத்து அடிப்பிரதட்சணம் செய்பவர்கள் அதில்தான் கால் வைக்க வேண்டும். அங்கப்பிரதட்சணமாக உருண்டு வருபவர்கள் என்ன செய்வார்கள் ஐயா?

3. எரியாத தெருவிளக்குகளை மாற்ற வேண்டும்.

4. அன்னதானத் தொன்னையில் குத்திய ஈர்க்குச்சிகள் பாதையெங்கும் கிடக்கின்றன. கூட்டுவது விடிந்தபின், குத்துவது இரவில்.

5. ஆய்வுக்கு அதிகாரிகள் ஜீப்பில் வந்தால் இதெல்லாம் தெரியாது. ஒரே ஒரு முறை, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஓரமாக அவர்களை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். திருமாலே அடி காணாத மலை இது. எங்களுக்குத் தெரிவதெல்லாம் எங்கள் அடியில் குத்தும் ஜல்லிதான்!

கேட்பது பெரிதல்ல. அமுங்கிய கற்களைப் பெயர்த்தெடுத்து, மணலை நிரவித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, ஓரக்கல் வைத்து மறுபடி பாவ வேண்டும். தோண்டிய இடங்களில் தார் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். தயவுசெய்து மேலாகச் சிமெண்ட் பூசி மூட வேண்டாம். அது அடுத்த மழைக்குச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, ஜல்லியைவிட மோசமாகக் கீறும்.

எல்லாம் உடனே முடியாதென்றால், பௌர்ணமிக்கு முன் அந்த ஜல்லியையாவது அள்ளுங்கள் ஐயா. அள்ளிவிடுங்கள்.

இப்படிக்கு,
பொதுமக்கள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)