‘வாழ்க’வுக்கு அடியில் ஒரு புள்ளி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பெங்களூருவில் நம் பதிப்பகத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்,

கோயில் வராந்தாவில் ஒரு இரும்பு பீரோ, ஒரு ரசீதுப் புத்தகம். இப்படித்தான் ஆரம்பித்தோம். இப்போது தனி அறை, மூன்று பீரோ. அதுவும் போதாமல் மாடிப்படிக்கு அடியில் கட்டுகள். லாபம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ஒரு புத்தகம் விற்ற காசு அடுத்த புத்தகத்துக்குக் காகிதமாகிறது. சில கட்டுகள் விற்காமலே ராமபாணப் பூச்சிக்குப் போகின்றன, அது வேறு கதை.

முதல் நன்றி அக்காமாருக்கு. முதல் நவநாள் புத்தகம் அச்சாகி வந்தபோது, மாதா மன்றாட்டுமாலையில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பது ஓரிடத்தில் ‘வேண்டிக்கொல்லும்’ என்று விழுந்திருந்தது. மெய்ப்புப் பார்த்தது நான்தான், அதுவும் மூன்று முறை! சிவாஜிநகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு, ஆகஸ்ட் 29-க்கு, நாலே நாள் இருந்தது. மறைக்கல்வி அறையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சரியான சொல்லைத் தனியாக அச்சடித்து, பொடிப்பொடியாக வெட்டி, பிரதி பிரதியாக ஒட்டினார்கள். ரிட்டயர்டு நர்ஸ் அக்கா வீட்டிலிருந்து இடுக்கி கொண்டுவந்தார். ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்புறம், சுல்தான்பேட்டை காகிதக்கடை சேட்டு. மழையில் எங்கள் ஸ்டால் நனையாமல் தார்ப்பாய் கட்டிக் கொடுத்த ரஸ்ஸல் மார்க்கெட் பூக்கடை பாய். மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வேலைக்கு வந்துபோகும் தங்கவயல் தம்பி, சாப்பாட்டுப் பையோடு நம் கட்டையும் தூக்கிக்கொண்டு போவான். 2025 மே மாதம் புத்தகங்களுக்கான சலுகைத் தபாலான ஞான் போஸ்ட் வந்த பிறகு 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும்தான். ஆனாலும் தங்கவயலுக்கு அவன்தான் தபால்.

நம் பதிப்பகம் பெரிதானது எந்தப் புத்தகத்தால் என்று கேட்டால், தமிழ் எழுத்தே இல்லாத புத்தகத்தால் என்றுதான் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். செபம் காதில் விழும், கண்ணுக்குத் தெரியாது. தமிழ்ச் செபங்களைக் கன்னட எழுத்தில் போட்டால் என்ன என்று ஒரு தாய் கேட்டார். பெரியவர்கள் சிலர் கொதித்தார்கள். மொழி விஷயத்தில் இந்த ஊரில் பார்த்துத்தான் பேச வேண்டும். நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

செபப் புத்தகம் என்றால் ஆயரின் அனுமதி வேண்டும். அதற்காக வரிவரியாகப் படித்துப் பார்த்த சாமிதான் பேச்சை முடித்துவைத்தார். கொல்லத்தில் 1578-ல் அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாவதற்கு 24 வருஷம் முன்பே, 1554-ல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்கள் ரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தன என்றார். பெரியவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

பிரச்சினை ‘ழ’வில் வந்தது. ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று எழுதியாக வேண்டும், கன்னடத்தில் ‘ழ’ இல்லை. ஹளெகன்னடத்தில், அதாவது பழைய கன்னடத்தில், அந்த எழுத்து இருந்தது, இன்று எந்தப் பிள்ளைக்கும் அது தெரியாது என்றார் கன்னட டீச்சரம்மா. அவர் கோயில் பக்கமே வராதவர். தம் வீட்டு பூஜை முடிந்ததும் நம் மெய்ப்பைப் பார்க்க உட்காருவார். கடைசியில் ‘ள’வுக்கு அடியில் ஒரு புள்ளி வைக்கலாம் என்று முடிவானது. அதை கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. டிடிபி தம்பி ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக நகர்த்தி வைத்தான். எத்தனை புள்ளி என்று நான் எண்ணவில்லை, அவன் எண்ணியிருப்பான்.

போன மாதம் பின்வரிசையில் ஒரு சிறுமி விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ‘வாள்க’ என்றாள். விரல் புள்ளியில் நின்றது. நாக்கை மடித்து, ‘வாழ்க’ என்றாள்.

இரண்டாம் பதிப்பின் ஃபாரங்கள், அச்சடித்த பெரிய தாள்கள், வந்துவிட்டன. இந்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறைக்கு வாருங்கள், மடிக்க ஆள் வேண்டும். டீ உண்டு. இடுக்கியும் தயாராக இருக்கிறது.