விருந்து மேசைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம். அலுவலக விருந்துகளில் உணவு நஞ்சாவது குறித்த தங்கள் தலையங்கம், உணவு வழங்கும் ஒப்பந்ததாரரின் உரிமத்தையும் சமையற்கூடத் தூய்மையையும் சரியாகவே வலியுறுத்தியது. ஆனால், வண்டியிலிருந்து உணவு இறங்கிய பிறகு நடப்பதற்கு விழாவை நடத்தும் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடான உணவு பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலதிகாரியின் உரை நீண்டால் இந்தக் கணக்கு குலைந்துவிடும் (உரைகள் என்றைக்குக் குறித்த நேரத்தில் முடிந்தன?). மீண்டும் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையல்ல. ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா உண்டாக்கும் நச்சு கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் மதிய உணவுப் பாத்திரங்கள் காலையிலேயே வந்து, அரங்கின் பின்புறம் காத்திருக்கும். திறந்தால் மூடியின் உட்புறத்திலிருந்து நீர் சொட்டும். பரிமாறும் வேளைக்குச் சற்று முன்புதான் அடியில் அடுப்பைப் பற்றவைப்பார்கள். மிச்சம், இரவுப் பணியாளர்களுக்குப் போகும். யாரும் கேட்டதில்லை, கேட்பது யாருடைய வேலையாகவும் இல்லை. எனவே, உணவு வந்து சேரும் நேரத்தையும் அகற்றும் நேரத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, வெப்பமானியுடன் ஒரு பணியாளரை நிறுவனங்கள் நியமிக்கலாம். உணவைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவருக்கு எழுத்து மூலம் தரப்பட வேண்டும்.