மைதானத்தை மீட்டுத் தந்த ஊருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் பி.டி. டீச்சர் எழுதுகிறேன். ஆண்டு விழாவில் நன்றியுரைக்கு எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி, மைக் கீச்சிட்டதிலேயே போய்விட்டது. மீதியில் சிறப்பு விருந்தினர்களின் பெயர்களை மட்டுமே சொல்ல முடிந்தது. நன்றிக்கு உரியவர்கள் பலர் அப்போது பந்தலுக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவே இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் கணக்கு சாருக்கு. சிரிக்க வேண்டாம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எவ்வளவு ஊறிப்போனது என்பது உங்களுக்கே தெரியும். விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் நின்று, ‘அந்தப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் கணக்கு சார் கடன் வாங்குவதை நிறுத்தியதோடு விடவில்லை, வட்டியும் கொடுத்தார். ஏழாம் வகுப்புக்குச் சராசரி, இடைநிலை நடத்த வேண்டிய நாளில் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வந்து, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டச் சொல்லி, அளவு நாடாவால் அளந்து, அந்த எண்களை வைத்தே பாடம் நடத்தினார். தான் தாண்டிய தூரம் வகுப்புச் சராசரிக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, கணக்கென்றாலே நழுவுகிற பையன்கள் கூட நோட்டைத் தேடி எடுத்தார்கள்.

அடுத்து தலைமையாசிரியை. என் வேலையின் தன்மையைச் சொன்னால்தான் அவர் செய்ததன் அருமை புரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதன்படி 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காகத் தமிழகத்தில் 16,549 பேர் மாதம் ஐயாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. வாரத்தில் மூன்று அரை நாள்கள்தான் எனக்குப் பணி. நான் இல்லாத நாள்களில் மைதானம் ஆடு மேய்வதற்கு என்றே இருந்தது. தலைமையாசிரியை வகுப்பாசிரியர்களை உட்காரவைத்து, அந்த நாள்களின் விளையாட்டு வேளையை அவரவரே நடத்த வேண்டும், எப்படி நடத்துவது என்று டீச்சரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பகுதிநேர ஆசிரியை நிரந்தர ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுப்பதா என்ற முணுமுணுப்பு எழுந்தது. அது அவர் காதில் விழுந்தது, ஆனால் விழாததுபோல் இருந்துவிட்டார். அதற்கும் சேர்த்தே நன்றி, அம்மா.

அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்தைப் போட்டால் பத்துப் பேர் ஆடுவார்கள், முப்பது பேர் நிழலில் நிற்பார்கள். அது உடற்கல்வி ஆகாது. கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு மற்றவர்களைக் கைதட்ட வைப்பது. நால்வர், ஐவராகப் பிரித்து, எல்லோர் கையிலும் பந்தோ கயிறோ வளையமோ இருக்கும்படி செய்தால் அந்த முப்பது பேரும் ஓடுவார்கள். இதற்குப் பொருள்கள் நிறைய வேண்டும். சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் எங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் விளையாட்டு மானியம் உண்டு. பந்துகளுக்கு அது சரியாகப் போய்விட்டது. தாண்டிக் குதிக்கப் பழைய டயர்களைக் கடைத்தெருவின் பஞ்சர் கடை அண்ணன் கொடுத்தார். அரிசி ஆலையிலிருந்து சணல் கயிறு வந்தது. டீக்கடைக்காரர் காலி பாட்டில்களைச் சேர்த்துவைத்தார். மணல் நிரப்பினால் அவைதான் எங்கள் எல்லைக் குறிகள். 2024இல் கலைஞர் பெயரில் ஊராட்சிகளுக்கு வந்த விளையாட்டு உபகரணத் தொகுப்பை நம் ஊராட்சிச் செயலர் பீரோவில் பூட்டிவைக்காமல், கையெழுத்து போட்டு எடுத்துப் போகும்படி திறந்துவைத்திருக்கிறார். இது சாதாரணமாகத் தோன்றலாம். பூட்டிய பீரோக்களைப் பார்த்துப் பழகியவளுக்கு அப்படித் தோன்றாது.

இவ்வளவு செய்தும் ஒரு கணக்கு இடித்தது. ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வாரத்துக்கு 420 நிமிடம். எங்கள் கால அட்டவணையில் இருப்பதோ வாரத்துக்கு இரண்டு பாடவேளை. வரிசையில் நிற்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்த்தே தொண்ணூறு நிமிடத்தைத் தொடாது. மீதியைப் பள்ளி எங்கிருந்து கொடுக்கும்? ஊர்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்தீர்கள்.

மைதானத்தைச் சொல்கிறேன். நம் பக்கத்து மண் நெல்லுக்கு நல்லது, ஓட்டத்துக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் வரை சேறு, சித்திரையில் கால் நுழையும் வெடிப்பு. பள்ளி மேலாண்மைக் குழு கிராம சபையில் பேசித் தீர்மானம் போட, மேடுபள்ளம் நிரவும் வேலை நூறு நாள் வேலைத்திட்டத்தில் சேர்ந்தது. செம்மண் இறக்கியவர்கள் பணம் வாங்கிக்கொள்ளவில்லை, தங்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். சொல்லவில்லை. ஆனால் டிராக்டரின் நிறத்தை ஊரே அறியும்.

அந்த மண்ணை வெட்டி நிரவிய பெண்கள்தான் எனக்கு ஆச்சரியம் தந்தவர்கள். வேலை முடிந்த மாலை, மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு, எறிபந்து வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் அக்கா, “இதை நாங்கள் தொட்டால் ஆகாதா டீச்சர்?” என்று கேட்டார். எட்டாம் வகுப்பில் ஆடியது, அதற்குப் பிறகு யாரும் ஆடச் சொல்லவில்லை என்றார். இப்போது மாலையில் வலையின் ஒரு பக்கம் அம்மாக்கள், மறுபக்கம் மகள்கள். அம்மாக்கள்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள், எல்லைக் கோட்டைப் பற்றி. “ஆம்பளைப் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை” என்று ஆரம்பத்தில் தடுத்த பெரியவர்கள் சிலருக்கு அவர்கள் வீட்டுப் பெண்களே பதில் சொல்லிவிட்டதால் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மகள்கள் ஆட வந்ததற்கு இருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் தையல்காரக்கா. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பெண் பிள்ளைகள் ஒதுங்கி நின்றதற்குக் கூச்சத்தைவிட உடைதான் காரணம் என்று அவர்தான் கண்டுபிடித்தார். துணிக்கான விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, தளர்வான கால்சட்டையும் நீண்ட மேல்சட்டையும் தைத்துக் கொடுத்தார். கால்சட்டையில் பை வைத்தார். அந்தப் பைக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்திருக்க வேண்டும். மற்றவர் கிராம சுகாதாரச் செவிலியர். இரண்டு சுற்று ஓடியதும் உட்கார்ந்துவிடும் பெண்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இளைய பிள்ளைகளையும் அது விட்டுவைக்கவில்லை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை பல நேரம் ஜன்னல் வழியே பறந்துகொண்டிருந்தது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சத்துணவுக்குப் பிறகு போடு என்று ஒவ்வொருத்தியிடமும் பொறுமையாகச் சொல்லி விழுங்கவைத்தவர் அவர்.

பூப்பந்து கற்றுத் தரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயாவையும் விட்டுவிடக் கூடாது. அந்த ஆட்டம் தஞ்சை அரச குடும்பத்தில் தொடங்கியது என்பார்கள். நம் மண்ணின் ஆட்டம். அந்த மஞ்சள் கம்பளிப் பந்தைப் பிள்ளைகள் பலர் பார்த்ததே இல்லை. ஐயா தம் பழைய மர மட்டைகளுக்கு நரம்பு கட்டிக் கொண்டுவந்தார். அவர் கோபம் பிரசித்தம். பிள்ளைகள் பயப்படுவதாகத் தெரியவில்லை.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியருக்கு ஒரு தனி வணக்கம். காலில் குறைபாடுள்ள ஒரு மாணவனை ஸ்கோர் எழுதவைப்பதுதான் எல்லாப் பள்ளிகளிலும் வழக்கம். வலையைத் தாழ்த்திக் கட்டி, எல்லோரையும் தரையில் உட்காரவைத்து ஆடச் சொன்னார் இவர். உட்கார்ந்து ஆடும் கைப்பந்தில் பெண்களுக்கான வலையின் உயரம் 1.05 மீட்டர்தான், அந்த உயரத்தில் கட்டினோம். கைகளை ஊன்றி நகரப் பழகியவன் அவன் ஒருவனே என்பதால், மற்றவர்கள் திணற, அவன் விளாசினான். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் மாரியப்பன் தங்கவேலுவைப் பள்ளி நாள்களில் உயரம் தாண்ட ஊக்கப்படுத்தியவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் மாரியப்பன். எங்கள் பையன் தங்கம் வாங்க வேண்டியதில்லை. ஸ்கோர் நோட்டை வேறொருவன் வைத்திருந்தால் போதும்.

“இவ்வளவு செய்து எத்தனை கோப்பை வந்தது?” என்று கேட்பவர்களுக்கு: குறுவட்டப் போட்டியில் கோ-கோவில் முதல் சுற்றிலேயே தோற்றோம். எறிபந்தில் இரண்டாம் சுற்று வரை போனோம். கோப்பை வந்தால் வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் பள்ளி அணிக்குப் பன்னிரண்டு பேர் போதும். எனக்குச் சம்பளம் தருவது எல்லாப் பிள்ளைகளுக்காகவும்.

இரண்டு விஷயங்கள் பாக்கி. மைதானத்தின் கிழக்கு மூலையில் குடிநீர்க் குழாய் இன்னும் வரவில்லை. ஊராட்சியில் மனு இருக்கிறது, கேட்டுக்கொண்டே இருங்கள். மற்றொன்று, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு ஊசி போன வாரம் முதல் காணவில்லை. சைக்கிளுக்கு ஆகுமென்று எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும் தலைமையாசிரியை அறை மேசையில் வைத்துவிடலாம். யார் என்று நான் கேட்கமாட்டேன். தபால்காரர் ஐயா கேட்பார்.

அன்புடன்,
பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி