தூக்குவாளி நிறையச் சில்லறை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கும்பகோணத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாம்பரத்தில் மகனோடு போய் இருக்கப் போகிறாய் என்று படித்ததும் முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். மூட்டு வலியோடு அந்த மாடிப்படியை ஏறி இறங்குவதைவிட பேரப்பிள்ளைகளோடு இருப்பது நல்லதுதான். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்துவிட்டது. கடை வழக்கம்போல ஓடுகிறது. அரிசி, பருப்பு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இப்போது போனில்தான் பணம் அனுப்புகிறார்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பூஜை அறையிலிருந்து ஒரு தூக்குவாளி, பரணிலிருந்து இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில், எல்லாம் நிறையச் சில்லறை, இதை என்ன செய்வது என்று எழுதியிருந்தாய். மொத்தமாகக் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்று உன் மகன் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அவசரப்படாதே. வேண்டுதல் காசு இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்துப் போடு. மற்றதை அப்படியே கொட்டினால் உண்டியல் எண்ணுகிறவர்கள்தான் உட்கார்ந்து செல்லாத காசையும் செல்லுகிற காசையும் பிரிக்க வேண்டும். அதை நாமே செய்யலாம். இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதலில் ஒரு பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் கொட்டு. அலுமினியக் காசெல்லாம் ஒரு பக்கம் போகட்டும். சதுரமாக இருக்கும் ஐந்து பைசா, ஓரம் வளைந்து வளைந்து இருக்கும் பத்து பைசா, ஆறு மூலை இருபது பைசா எல்லாம் அதில் வரும். நாலணாவையும் அதோடு சேர்த்துவிடு. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. வங்கியிலும் மாற்ற முடியாது. ஆனால் எட்டணா அப்படி இல்லை. 50 பைசா இன்றைக்கும் சட்டப்படி செல்லும். கடைக்காரர்கள் வாங்க மறுப்பதால் அதுவும் செத்துப்போன காசு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ரேஷன் கடையில் அந்தியோதயா அட்டைக்குச் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசு என்றுதான் விலை வைத்திருந்தார்கள். அந்த ஐம்பது காசு கையில் இருக்கும்போது அதைச் செல்லாது என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

அடுத்தது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். இங்கேதான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், எடை 4.85 கிராம். 2011 வாக்கில் வந்த இரண்டு ரூபாயும் அதே அகலம், அதே எடை. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இந்த ஒரு காரணத்தால் கண் தெரியாதவர்களும் வயசானவர்களும் பஸ்ஸிலும் சந்தையிலும் படுகிற பாட்டை நான் தினமும் பார்க்கிறேன். இத்தனை கோடி மக்கள் கையில் புழங்குகிற காசை அடிக்கடி உருவம் மாற்றுவது நியாயமே இல்லை. 2007 வாக்கில் வந்ததில் ஒரு ரூபாய்க்குக் கட்டைவிரல், இரண்டு ரூபாய்க்கு இரண்டு விரல் என்று முத்திரை போட்டிருப்பார்கள். அது ஒன்றுதான் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிந்தது.

எண்ணுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரே வகைக் காசில் நூறு எண்ணி எடைபோட்டுக் குறித்துக்கொள். மீதியைத் தராசிலேயே பார்த்துவிடலாம். இப்போது வருகிற சின்ன ஒரு ரூபாய் 3.09 கிராம், அதற்கு முந்தையது 3.79 கிராம். அதனால் வகை கலக்காமல் பிரித்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும். பத்து ரூபாய் நாணயம் நூறு போட்டால் முக்கால் கிலோவும் இருபது கிராமும் வரும். அது ஆயிரம் ரூபாய். அந்தப் பழைய கனத்த ஐந்து ரூபாய் இருக்கிறதே, ஒன்றே 9 கிராம், அதைத் தனியாக எண்ணிவிடு.

சரி, பிரித்தாயிற்று. எங்கே கொடுப்பது? எல்லோரும் முதலில் வங்கியைத்தான் நினைப்பார்கள். எனக்கென்னவோ வங்கியைக் கடைசியில் வைக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. நீ கட்டி வைத்திருக்கும் காசு இன்றைக்கே தேவைப்படுகிற ஆள் உன் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். டீக்கடைக்காரரைக் கேள், காலையில் சில்லறை இல்லாமல் எத்தனை பேரிடம் ‘அப்புறம் தாங்க’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று. பூக்காரம்மாவிடம் போனே கிடையாது, இருநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் எங்கே போவார்? மினி பஸ் கண்டக்டர், இட்லிக் கடை அக்கா, சைக்கிளில் கீரை கொண்டு வருகிறவர், இவர்களுக்கெல்லாம் ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் பாக்கெட் கட்டிக் கொண்டுபோய்க் கொடு. நோட்டாகத் தருவார்கள், மனசாரத் தருவார்கள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த வாரங்களில் சில்லறை வைத்திருந்த கடைதான் ஓடியது. அதற்கு முன்பே தட்டுப்பாட்டு நாட்களில் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துத் தொண்ணூறு ரூபாய்ச் சில்லறை வாங்கியிருக்கிறேன். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் கமிஷன் போனாலும் பரவாயில்லை என்று வாங்கினேன்.

இன்னொன்று யோசித்துப் பார். 2023-ல் ரிசர்வ் வங்கி பன்னிரண்டு ஊர்களில் சில்லறை தரும் இயந்திரம் வைத்துப் பார்க்கப் போவதாக அறிவித்தது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கணக்கிலிருந்து பணம் கழிந்து நாணயமாக வந்து விழும். அதாவது நாணயம் அச்சாகிறது, சேமிப்பிலும் கிடக்கிறது, ஆனால் வேண்டியவன் கைக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் பரணில் இருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்கள்தான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நாட்டில் பாதி வீட்டுக் கதை அது. தெருவில் ஒரு ரூபாய் நின்று போனால் விலையெல்லாம் ஐந்துக்கும் பத்துக்கும் தாவிவிடுகிறது. ஆறு ரூபாய்க்கு விற்ற வடை பத்து ரூபாய் ஆவது எண்ணெய் விலையால் மட்டும் இல்லை, திருப்பிக் கொடுக்க நாலு ரூபாய் இல்லாததாலும்தான். இதை எத்தனையோ வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பத்து ரூபாய் நாணயம்தான் உனக்குத் தொல்லை தரும். நம் பக்கம் நிறைய ஊரில் அதை வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். எங்கிருந்தோ கிளம்பிய ஒரு வதந்திதான் காரணம். ரூபாய்க் குறி இல்லாதது போலி, பதினைந்து கோடு போட்டது போலி என்று ஆளுக்கொரு கதை. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே தெளிவாகச் சொல்லிவிட்டது, அதுவரை பதினான்கு வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று. ரூபாய்க் குறியே 2010-ல்தான் வந்தது, அதற்கு முன் அடித்ததில் அது எப்படி இருக்கும்? 14440 என்ற எண்ணை அழைத்தால் அவர்களே திருப்பி அழைத்து விளக்கம் சொல்லும் வசதியும் அப்போது வைத்தார்கள். மாவட்ட ஆட்சியர்களும் எத்தனை முறை அறிவித்தார்கள்! ஆனாலும் பயம் போகவில்லை. 2022-ல் தர்மபுரிப் பக்கம் ஒருவர் ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயமாகவே சேர்த்துக் கொண்டுபோய் கார் வாங்கினார், பேப்பரில் படித்திருப்பாய். அவர் வீட்டுக் கடைக்கு வந்த நாணயத்தைத் திரும்ப யாரும் வாங்காததுதான் காரணம். அந்த வருஷமே சேலத்தில் ஓர் இளைஞர் ஒரு ரூபாய் நாணயமாகவே சேர்த்து இரண்டரை லட்சத்துக்கு மேல் கொடுத்து பைக் வாங்கினார்.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, நாணயத்தை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துவிடாதே. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு கொடுக்கல் வாங்கலில் ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் கட்டாயம். எட்டணாவுக்குப் பத்து ரூபாய் வரைக்கும்தான். அந்தக் கடைக்காரர்கள் மனமுவந்துதான் வாங்கினார்கள். ஆனால் வங்கியில் போடுவதற்கு இப்படி வரம்பு எதுவும் இல்லை. எந்தக் கிளையும் சில்லறையை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்ப உத்தரவு போட்டிருக்கிறது. எடை போட்டும் வாங்கலாம், நூறு நூறாகப் பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்தால் வசதி என்றும் அதில் இருக்கிறது.

நடைமுறை வேறு என்பது உனக்குத் தெரியும். என்னையே ஒரு கிளையில் ‘ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று அலைய விட்டார்கள். நான் சண்டை போடவில்லை. கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில், பையில் போட்டு, ஒவ்வொரு பையிலும் என்ன காசு எத்தனை என்று சீட்டு எழுதிக் கட்டி மேலாளரிடம் நேரே போனேன். அப்போது வாங்கிக்கொண்டார்கள். காசாளருக்கும் இடுப்பு வலிக்கும், அவரையும் நினைக்க வேண்டும். அதற்கும் மறுத்தால் எழுதிக் கொடு. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு எண் 14448, அதில் சொல்லலாம் என்று சொன்னாலே பெரும்பாலும் போதும்.

தாம்பரம் போன பிறகு கோயம்பேடு பக்கம் போக நேர்ந்தால் மஞ்சப்பை இயந்திரத்தைப் பார். பத்து ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை வரும், இரண்டு ஐந்து ரூபாய் போட்டாலும் வரும். 2022-ல் அரசு தொடங்கியது. யாரும் வேண்டாம் என்று சொல்லும் பத்து ரூபாய் நாணயத்துக்கு இப்படி ஒரு வேலை கொடுத்தவர்களைப் பாராட்டத் தோன்றியது. அதே மாதிரி மொய்க்கு நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்று வைக்கிறோமே, அந்த ஒரு ரூபாய்க்காகக் கல்யாண சீசனில் என் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? பளபளப்பான ஒரு ரூபாயாக ஐம்பது எடுத்து உன் வீட்டம்மாவிடம் கொடுத்து வை. தாம்பூலத்துக்கும் உதவும்.

செல்லாத அலுமினியக் காசைத் தூக்கிப் போடாதே. பேரன் பேத்திக்குக் கொடு. நாலணா என்றால் ஏன் இருபத்தைந்து பைசா, பதினாறு அணா என்ற கணக்கு எப்போது போனது, 1957-ல் நயா பைசா வந்தது எப்படி என்று அந்தக் காசை வைத்தே சொல்லிக் கொடுக்கலாம். பல்லாங்குழிக்குச் சோழி இல்லாவிட்டால் பத்து பைசாவைப் போட்டு ஆடலாம், நன்றாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய காசை லட்ச ரூபாய்க்கு வாங்குகிறோம், அம்மன் படம் போட்ட ஐந்து ரூபாய் இருக்கிறதா என்று போனில் விளம்பரம் வரும். முதலில் கமிஷன் கட்டச் சொல்வார்கள், சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது, தாங்கள் இப்படி எந்தக் கமிஷனும் கேட்பதில்லை என்று. உன் மகனிடமும் சொல்லி வை. அவன் போனில் இதெல்லாம் அதிகமாக வரும். உருக்குவதற்கு என்று எவராவது கிலோ கணக்கில் கேட்டு வந்தாலும் கொடுக்காதே, நாணயத்தை உருக்குவது சட்டப்படி குற்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மிஞ்சினால் அப்படியே எனக்குக் கொண்டு வா. நீ மதுரைக்கு வந்து ரொம்ப நாளாகிறது. என் கடைக்கு எவ்வளவு இருந்தாலும் வேண்டும், எண்ணி நோட்டாகத் தந்துவிடுகிறேன், கமிஷன் கிடையாது. வரும்போது ரயிலில் வா, பஸ்ஸில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினால் முட்டி தாங்காது. எந்த வாரம் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்குத் தம்பியை வண்டியோடு அனுப்புகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்