அடி வாங்கியவனைப் பார்த்த பிள்ளை என்ன கற்றது?

பி.எட். கல்லூரிகளில் உளவியல் நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். உளவியல் அறிஞர்களான பாவ்லோவின் நாய், ஸ்கின்னரின் எலி, பண்டூராவின் போபோ பொம்மை (அடித்தால் சாய்ந்து மீண்டும் நிமிரும் காற்றடைத்த பொம்மை) எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, பண்டூரா கண்டது என்ன? "பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக் குழந்தைகளும் செய்வார்கள்." இதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எதற்கு, எந்தப் பாட்டியும் சொல்வாரே!

பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகளும் அப்படியே அடித்த 1961 சோதனையோடு பாடம் முடிந்துவிடுவதுதான் சிக்கல். 1965-இல் பண்டூரா வெளியிட்ட சோதனையில் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார்கள். ஒருவர் பொம்மையைப் போட்டு மொத்துகிறார். ஒரு குழு பார்த்த படத்தின் முடிவில் அவருக்குப் பாராட்டும் தின்பண்டமும். இன்னொரு குழுவுக்கு, அவர் திட்டு வாங்கி, சுருட்டிய பத்திரிகையால் அடியும் வாங்கும் முடிவு. மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. அடி வாங்கியதைப் பார்த்த பிள்ளைகள் பொம்மையைக் குறைவாகவே தாக்கினார்கள். அப்புறம், பார்த்ததைச் செய்துகாட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படங்களும் உண்டு என்றதும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. மூன்று குழுவுமே கற்றிருந்தன. அடியைப் பார்த்தவர்கள் வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"ஒருத்தனை முட்டி போட வைத்தால் மற்றவன் அடங்குவான்" என்று பயிற்சி ஆசிரியர்கள் பண்டூராவையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். அடங்குவது உண்மைதான். சாப்பாட்டு இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியரைப் போல நடித்துக் காட்டுவதையும் பார்க்க வேண்டும். கையில் ஸ்கேல், "கையை நீட்டுடா" என்ற அதே அதட்டல், அடிக்கும் முன் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளிக்கொள்ளும் பாவனை. பாடத்தைக்கூட அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்ததில்லை.

போதாக்குறைக்கு, அடிப்பதை 'எதிர்மறை வலுவூட்டல்' என்று பாடக்குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அடிப்பது தண்டனை; எதிர்மறை வலுவூட்டல் என்பது பிடிக்காத ஒன்றை நீக்கி ஒரு செயலை வளர்ப்பது. வகுப்பிலேயே கணக்கை முடித்தால் வீட்டுப்பாடம் இல்லை என்று சொல்லி, அதனால் பிள்ளைகள் வேகமாக முடிக்கத் தொடங்கினால், அதுதான் எதிர்மறை வலுவூட்டல். ஸ்கின்னரே தண்டனைக்கு எதிராகப் பேசியவர். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்யும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1965 சோதனைக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். தேர்விலும் "பண்டூராவின் கொள்கையை விவரி" என்பதை விட்டுவிட்டு, இந்த மடலின் தலைப்பையே கேள்வியாகக் கேளுங்கள். அவர்களை எங்களிடம் அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை