அறுவை முடிந்தால் சைனஸ் முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த சைனஸ் கட்டுரையை, அந்த நோயோடு இருபது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற உரிமையில் இரண்டு முறை படித்தேன். தெளிவான கட்டுரைதான். ஆனால் மூக்கு வழியே நோக்குக் குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோபி அறுவை சிகிச்சை செய்துகொண்டால் நிரந்தரத் தீர்வு கிடைத்துவிடும் என்று அது முடிந்திருப்பதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

அந்த அறுவை எந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது என்று பார்த்தாலே அதன் எல்லையும் தெரிந்துவிடும். 1893இல் நியூயார்க்கில் கால்டுவெல்லும் 1897இல் பாரிஸில் லுக்கும் தனித்தனியே விவரித்த பழைய முறையில், மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பைத் துளைத்து, கன்னத்துக் காற்றறையின் (சைனஸ் என்பது முகவெலும்புக்குள் இருக்கும் இத்தகைய அறைதான்) சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேங்கும் சளி வடிவதற்காக மூக்குக்குள் தாழ்வான இடத்தில் ஒரு வழியும் திறந்துவிடுவார்கள். தொட்டியின் அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர் இறங்கிவிடும் என்ற கணக்கு அது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர் மெசர்கிளிங்கர் அந்தக் கணக்கு தவறு என்று காட்டினார். சவ்வின் மேலுள்ள நுண்மயிர்கள் சளியைப் பள்ளத்துக்குத் தள்ளுவதில்லை. அறையின் மேற்பகுதியில் இருக்கும் இயற்கையான சிறு துவாரத்தை நோக்கியே ஏற்றிக்கொண்டு போகின்றன. கீழே நாம் எவ்வளவு அகலமாகத் திறந்துவைத்தாலும் சளி அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே போகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், சவ்வைக் காப்பாற்றி வாசலை மட்டும் சீர்செய்யும் இன்றைய முறை, ஸ்டாம்பர்கர், கென்னடி போன்ற மருத்துவர்களின் முயற்சியால் 1980களில் உலகெங்கும் பரவியது.

வாசல்தான் சீராகிறது, அழற்சி கொண்ட சவ்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சைனஸ் நோயின் இருப்பிடமே அந்தச் சவ்வுதான் என்பதால், அறுவைக்குப் பின்னும் உப்புநீர் கொண்டு கழுவுவதும் மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் தொடர வேண்டியிருக்கிறது. மூக்கில் சதை வளர்ச்சியோடு ஆஸ்துமாவும் ஆஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்தவர்களுக்கு அந்தச் சதை மறுபடி வளர்வது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. சதை வளர்ச்சிக்கென 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசியின் சோதனைகளில், முன்பே அறுவை செய்துகொண்டவர்களும் பலர் இருந்தார்கள். (அந்த ஊசியின் விலை எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு எட்டாது என்பது வேறு கதை.) உப்புநீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: லாரித் தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும், கொதிக்கவைத்து ஆறிய பிறகே மூக்கில் விட வேண்டும்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, சைனஸ் என்று நாம் சொல்வதெல்லாம் சைனஸ்தானா என்பது. அமெரிக்காவில் சைனஸ் தலைவலிக்காரர்கள் என்று கருதப்பட்ட 2,991 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், 88 விழுக்காட்டினரின் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலி வகைக்கே பொருந்தின. என் மனைவிக்கும் அதுவேதான். பத்தாண்டுகள் நொச்சி போட்டு ஆவி பிடித்ததில் நொச்சி மரந்தான் மொட்டையானது. என் கதை வேறு. தெருமுனைக் கடையில் நானே கேட்டு வாங்கிய மூக்கடைப்புச் சொட்டு மருந்தை, சில நாட்களுக்கு மேல் விடக்கூடாது என்பதை அறியாமல், மூன்று ஆண்டுகள் விட்டேன். மருந்தின் வேகம் தணியத் தணிய அடைப்பு முன்னிலும் கூடும். அதற்கு மறுபடி மருந்து. அரசு மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, நோயில் பாதி அந்தப் புட்டியில் இருக்கிறது என்றார். அறுவைக்கு நாள் குறிக்குமுன் இத்தகைய சோதனை எவ்வளவு அவசியம் என்று கட்டுரை ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

நான் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவன். அங்கே 2011இல் நிலக்கரி கையாள்வது நிறுத்தப்படும்வரை, ராயபுரத்தில் காயப்போட்ட வேட்டியில் படிந்த கரிதான் எங்கள் மூக்கிலும் படிந்தது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் மணலி ஆலைகளின் புகையும் அங்கே ஏற்கெனவே இருந்தன. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரை ஒட்டிய பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஊரே கண்ணையும் மூக்கையும் பொத்திக்கொண்டு ஓடியது. நியூயார்க்கில் 2001இல் இரட்டைக் கோபுரங்கள் இடிந்த தூசியில் வேலை செய்த தீயணைப்பு வீரர்களையும் தொழிலாளர்களையும் அந்நாட்டு அரசு இன்றுவரை ஆண்டுதோறும் பரிசோதிக்கிறது. நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கும் அந்தத் திட்டத்தில் சிகிச்சை உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை உள்ளவர்களையும் அவ்வாறே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து எழுதிவைக்கும் ஆய்வு ஒன்று வேண்டும். பழைய சிறைச்சாலை சாலையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கும்போது இடத்துக்குப் பஞ்சமில்லை.

மருத்துவப் பக்கத்தின் அடுத்த கட்டுரை அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பைப் பற்றியதாக இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும். ஸ்பிரேயை மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல் வெளிப்பக்கச் சுவரைப் பார்த்து அடிக்க வேண்டும் என்பதையே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.